14. தாய்ப் பெட்டிக்கு மூன்று வேளை

வியாழக்கிழமை, கடைக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்தவர்கள் நான்கு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் விசாரணைக்கு அது தேவைப்படும்.

தொட்டிக்காரர் மூன்றாவது படியில். இடுப்பில் பட்டை கட்டியிருந்ததால் அதற்குக் கீழே அவரால் உட்கார முடியவில்லை. அவர் மனைவி தரையில், சுவரில் சாய்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போகும் கைக்கடிகாரத்தோடு. சின்னவன் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல். அத்தை, அதாவது தொட்டிக்காரரின் தங்கை, நடையின் மூலையில் பிரம்பு நாற்காலியில். மாவுக்கட்டுப் போட்ட அவள் கால் மட்டும் தனியாக ஒரு முக்காலியின் மேல் உட்கார்ந்திருந்தது.

முதல் படி காலியாக இருந்தது. அதை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. ஆனாலும் அதில் யாரும் உட்காரவில்லை.

எல்லோருக்கும் நடுவில், மூடி திறந்த நிலையில், தாய்ப் பெட்டி.

வாரந்தோறும் இந்தக் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அது என்ன பெட்டி என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டிக்காரர் கண்ணாடித் தொட்டி செய்து, வண்ண மீன் வளர்த்து விற்பவர். மீன்களுக்கு அவர் கொடுக்கும் உயர்ந்த தீனி வெள்ளைப் புழு. நகத்தளவு நீளம், நூல் துண்டு போன்ற உடம்பு. தெர்மாகோல் பெட்டியில் ஈரமான தேங்காய் நார்த்தூள் நிரப்பி, பாலில் நனைத்த ரொட்டித் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்து, ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லால் மூடிவிட்டால் புழுக்கள் மேலே வந்து சில்லின் அடியில் மொய்க்கும். சில்லை எடுத்துத் தொட்டி நீரில் அலசினால் மீனுக்கு விருந்து. விற்கிற பெட்டிகள் வரும், போகும். எல்லாவற்றுக்கும் விதையாக ஒரு பெட்டி மட்டும் வீட்டைவிட்டு நகராது. அதுதான் தாய்ப் பெட்டி.

இந்தத் தாய்ப் பெட்டியை ஏழு வயதில் பிடித்தவள், அதாவது முதல் புழுவை விட்டுப் பெருக்கியவள், பெரியவள். வீட்டின் மூத்த பெண். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவாக இருக்கிறது, அவள் வீட்டை விட்டுப் போய். வேறு ஊரில் ஒரு பெரிய மீன் பண்ணையில் வேலை கிடைத்தது. கடையை அவள் கையில் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்த அப்பா, இங்கே இருக்கிற தொட்டி போதவில்லையா என்று கேட்டார். பேச்சு வளர்ந்தது. போவதென்றால் போ, போன பிறகு போனில் குரல் காட்டாதே என்று முடித்தார். சொன்னதைச் சொன்னபடி செய்யும் பழக்கம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ஒரு மாத்திரை டப்பாவில் ஒரு தேக்கரண்டி புழுவை எடுத்துக்கொண்டு போனாள். குரல் காட்டவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாய்ப் பெட்டியைப் பற்றியும் பேசுவதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போன வாரங்களில் பார்த்தோம்: தொட்டியைத் தூக்கப் போய் இடுப்புப் பிடித்துக்கொண்டு தொட்டிக்காரர் பத்து நாள் படுக்கையில் கிடந்தார். இன்றுதான் எழுந்து நேராக நின்றார். நின்றதும் படிக்குக் கீழே வந்து பெட்டியைத் திறந்தார்.

திறந்ததும் புளித்த பால் நாற்றம் நடை முழுவதும் அடித்தது.

புழுக்கள் நார்த்தூளில் இல்லை. தப்பித்துப் போக வழி தேடி, பெட்டியின் நாலு சுவரிலும் ஏறி, மூடியின் உட்புறம் வரைக்கும் வந்து, அங்கேயே காய்ந்து ஒட்டியிருந்தன. தையல்காரர் உதறிவிட்ட வெள்ளை நூல் துணுக்குகள் போல. அடியில் கிளறினால் ஊசிப்போன ரொட்டியின்மேல் தூசு மாதிரிச் சிறு பூச்சிகள் ஊர்ந்தன.

அவர் பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினார். ஓவியத் தூரிகையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். எதுவும் சுருளவில்லை.

பிறகுதான் எல்லோரையும் கூப்பிட்டார்.

"யார் தீனி போட்டது?" என்றார்.

அவர் மனைவி கைக்கடிகாரத்தின் சாவியைத் திருகினாள். சின்னவன் வாளியின் மேல் இன்னும் கொஞ்சம் சின்னவனாக ஆனான்.

"சாப்பாடு இல்லாம செத்திருந்தா தூளுக்குள்ளேயே சுருங்கிப்போயிருக்கும். இது ஊட்டிக் கொன்னது. ரொட்டியைக் கண்ணாடிக்குக் கீழே வைக்கணும்னு இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும். நார்த்தூளுக்குள்ள புதைச்சு வச்சிருக்கு. எலியா வந்து புதைக்கும்?"

அப்போது மூலையிலிருந்து அத்தை ஒரு பெருமூச்சு விட்டாள். கால் உடைந்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த நாற்காலியும் அந்த நடையும்தான் உலகம். அதில் நடப்பது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"நீங்க மூணு பேரும் முறை போட்டுக்கிட்டு செய்றீங்கன்னுல்ல நான் நினைச்சேன்" என்றாள்.

"எந்த முறை?"

"காலையில அஞ்சரைக்கு நீங்க, அண்ணா. டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக்கூடாதுன்னு சொன்ன ஆளு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு எறும்பு மாதிரி வந்தீங்க. ரெண்டரைக்கு அண்ணி, யூனிஃபார்மைக்கூட மாத்தாம. சாயங்காலம் ஆறு மணிக்கு இவன், செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு. சொந்த வீட்ல களவாட வர்றவன் மாதிரி."

"நீ ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? இந்த வீட்ல அந்தப் பெட்டியைப் பத்திப் பேசினா ரெண்டு நாளைக்கு யாருக்கும் சோறு இறங்காது. கால் உடைஞ்சவ, வேளாவேளைக்குச் சாப்பிட்டாத்தானே எலும்பு கூடும்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். படுக்கையில் கிடப்பவரால் பெட்டியைக் கவனிக்க முடியாதே என்று மனைவி இரண்டாம் நாளே தீனி போட ஆரம்பித்திருந்தாள். கண்ணாடிக்குக் கீழே வைத்தால் தெரிந்துவிடும் என்று இடது மூலையில் நார்த்தூளைத் தோண்டி வைத்தாள். அம்மாவுக்கு டியூட்டி, அவளுக்கு ஞாபகம் இருக்காது என்று சின்னவன் வலது மூலையில் தோண்டினான். தொட்டிக்காரரோ இவர்கள் இருவருக்கும் அந்த நினைப்பே இருக்காது என்ற முடிவில், இடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, விளக்குப் போடாமல், வழக்கமான இடத்தில் வைத்தார். இரண்டு நாளைக்கு ஒருமுறை வைக்க வேண்டியதைத் தினம் வைத்தார். படுத்துக்கிடந்தால் நாள் கணக்கு தப்பிப்போகும் என்ற பயத்தில். கண்ணாடிக்குக் கீழே அதைப் பார்த்த மற்ற இருவரும் அவர் படுக்கையில் விழும் முன் வைத்த பழைய துண்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

"எத்தனை துண்டு?" என்று கேட்டு அவர் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பத்து நாளில் ஐந்து துண்டு போக வேண்டிய பெட்டிக்கு இருபத்தெட்டுத் துண்டு போயிருந்தது.

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் வார்டுல ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் மருந்து போச்சுன்னா எனக்கு வேலை போயிடும். கட்டிலுக்குக் கட்டில் அட்டை மாட்டி எழுதி வைக்கிறேன். என் வீட்ல..."

முடிக்கவில்லை. மூன்று பேரில் யார்மேல் கோபப்படுவது என்று தொட்டிக்காரருக்குத் தெரியவில்லை. பெட்டியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் திட்டியிருக்கலாம்.

சின்னவன்தான் முதலில் எழுந்தான். அவனுக்கு ஒரு சிக்கலைப் பார்த்தால் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டுத்தான் வருத்தப்படத் தெரியும்.

"பல் டாக்டர் போன மாசம் நம்மகிட்ட ஒரு பெட்டி வாங்கிட்டுப் போனாரு. நம்ம புழுதான். ஒரு தேக்கரண்டி கேட்டா தரமாட்டாரா? பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வந்துடறேன்."

நல்ல யோசனை. சண்டையில்லாத, சுலபமான, அன்றைக்கே முடிந்துவிடக்கூடிய யோசனை. தொட்டிக்காரர் தலையை அசைக்கப் போனார்.

"அதுல பூச்சி விழுந்துடுச்சு" என்றாள் அம்மா.

"யாரு சொன்னா?"

"நான் பார்த்தேன். பல்லைக் காட்டப் போனப்ப."

"உனக்கு எப்பம்மா பல்லு வலிச்சுது?"

"எனக்கு வலிக்கிறதையெல்லாம் உங்கிட்ட சொல்லிக்கிட்டா இருக்கேன்?"

சின்னவன் அத்தையைப் பார்த்தான். அத்தை அண்ணியைப் பார்த்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஆமாண்டா" என்றாள் அத்தை. "நானும் கேள்விப்பட்டேன். பூச்சின்னா அப்படி ஒரு பூச்சி." உடைந்த காலோடு, வாசல்படி தாண்டாமல், பல் டாக்டர் வீட்டுப் பூச்சியைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டாள் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப மீனு?" என்றான் சின்னவன். பெரியவள் குஞ்சிலிருந்து வளர்த்த டிஸ்கஸ் ஜோடி அது. வட்டத் தட்டு மாதிரி உடம்பு. மற்ற மீன்கள் எதைப் போட்டாலும் தின்னும். இந்த ஜோடியில் பெண்மீன் வெள்ளைப் புழுவைத் தவிர எதையும் தொடாது. தினம் கண்ணாடிச் சில்லோடு போய்க்கொண்டிருந்தவன் அவன்தான். பெட்டியின் நடுவில் அப்பா வைத்த துண்டில் மட்டும் மொய்த்துக்கொண்டிருந்த கொஞ்சமும் முந்தாநாளோடு ஓய்ந்துவிட்டது. நேற்றிலிருந்து பெண்மீன் உடம்பு கறுத்து, மூலையில் நின்றது. "அது பட்டினி கிடக்குமே?"

"ஒரு வாரம் கிடந்தா ஒண்ணும் ஆகாது" என்றாள் அம்மா எழுந்துகொண்டே. "மனுஷங்க ரெண்டு வருஷம் கிடக்கலையா?"

பிறகு, கதவருகே போய், யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அந்தப் புழு இன்னும் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு."

தொட்டிக்காரர் படியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, பின்பக்கப் பட்டறைக்குள் போனார்.

*

பகல் பதினோரு மணிக்குச் சின்னவன் மூடிய கடைக்குள் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். விடுமுறை நாளில்தான் வெளியூர் பார்சல் கட்டுவது வழக்கம். அன்றைக்குக் கட்ட வேண்டியவை மூன்று. இரண்டு காற்று மோட்டார். ஒன்று, போன வாரமே பிரித்து வைத்த கடைசிப் புழு டப்பா. ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்கு. அதையாவது நிறுத்திவைக்கலாமா என்று நினைத்து மூடியைத் திறந்தான். கடையின் வெயிலில் ஒரு வாரம் இருந்து அதுவும் நாறிப்போயிருந்தது. ஆசிரியைக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு எழுதினான்.

புழுவைப் பார்சலில் அனுப்ப முடியும் என்று முதலில் செய்து காட்டியவள் அக்காதான். மீன்தொட்டியில் போடும் பஞ்சை விரல்கடை அளவு வெட்டி, நனைத்துப் பிழிந்து, புழுவை அதற்குள் விட்டு, காற்றுப்போக ஊசியால் ஏழு துளை போட்ட டப்பாவில் அடைத்து, சுற்றிலும் பழைய செய்தித்தாள். ஏழு துளைதான், எட்டுப் போட்டால் காய்ந்துவிடும் என்பாள். அப்பா அதை நம்பவில்லை. உயிருள்ளதை யாராவது தபாலில் போடுவார்களா என்று கேட்டார்.

ஒரு தடவை ஒரு பார்சல் விலாசம் தப்பி, ஒன்பது நாள் ஊர் ஊராகச் சுற்றி, அவர்கள் கடைக்கே திரும்பி வந்தது. அப்பாவே பிரித்தார். பஞ்சை நீரில் போட்டதும் புழுக்கள் ஒன்றுவிடாமல் நெளிந்தன. அன்று அப்பா கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். ஒன்பது நாள், ஒன்பது நாள் என்று சாயங்காலத்துக்குள் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். அக்கா கல்லாவுக்குப் பின்னால் நின்று, வராத கணக்கை எழுதுவது போல நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

சின்னவன் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து வெட்டினான். எதற்கு வெட்டுகிறோம் என்று தெரியாமல் இன்னொன்றும் வெட்டினான்.

*

அதே நேரத்தில் வீட்டு நடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி நாற்காலியில். இன்னொருத்தி யூனிஃபார்மை மடித்துக்கொண்டு. அன்றைய டியூட்டியை வேறொரு நர்ஸுக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். என்ன காரணம் சொன்னீர்கள் என்று அத்தை கேட்டதற்கு, வீட்டில் ஒரு சாவு என்று சொன்னதாகப் பதில் வந்தது. பொய்யில்லையே என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பட்டறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, நிறுத்தி, மறுபடியும் கரகரவென்று.

அம்மாவின் கை மடிப்பில் நின்றது.

"என்ன அது?" என்றாள் அத்தை.

"சாணைக்கல்லு. கண்ணாடி விளிம்பை மழுக்குறாரு."

அவள் சொன்ன கதை இது. பெரியவள் ஏழு வயதில் முதல் பெட்டி பிடித்தபோது, அப்பா தொட்டி வெட்டி மிஞ்சின சில்லு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். அவள் அதை எடுக்கும்போது ஆள்காட்டி விரலைக் கிழித்துக்கொண்டாள். அழவில்லை. ரத்தம் பெட்டியில் விழுந்துவிட்டதே, புழுவுக்கு ஏதாவது ஆகுமா என்றுதான் கேட்டாள். அன்றிலிருந்து அவளுடைய பெட்டிக்குப் போகிற சில்லுக்கு மட்டும் நாலு விளிம்பும் நாலு முனையும் கையாலேயே தேய்த்துத் தருவார். மெஷினில் தேய்த்தால் திருப்தி வராது. கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"ரெண்டு வருஷமா இந்தச் சத்தம் கேக்கலை" என்றாள்.

அத்தை கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க அண்ணனை எனக்கு நாப்பத்தெட்டு வருஷமாத் தெரியும். புழு வேணும்னு எழுதுவாரு. பெட்டி போயிடுச்சுன்னு எழுதுவாரு. எத்தனை டிகிரி வெயில்னுகூட எழுதுவாரு. 'வா'ன்னு அந்தக் கை எழுதாது."

"தெரியும்."

"அவளும் அதே ரத்தம். 'வா'ன்னு எழுதலைன்னா வரமாட்டா. புழுவை அழகா டப்பாவுல அடைச்சு, ஏழு ஓட்டை போட்டு, தபால்ல அனுப்பிட்டு உட்கார்ந்துக்குவா."

"அதுவும் தெரியும்" என்றாள் அம்மா. "ஆனா பல் டாக்டர்கிட்ட வாங்கியிருந்தா கடுதாசியே போயிருக்காதே."

சாணைக்கல் நின்றது. மறுபடியும் தொடங்கியது.

*

மூன்று மணிக்குத் தொட்டிக்காரர் கடையின் லெட்டர்பேடைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் புதுப் பெட்டி ஒன்று. புது நார்த்தூள், சரியான ஈரம், நடுவில் மழுக்கிய சில்லு. புழுதான் இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுச்சீட்டும் ஒட்டியிருந்தார். 'தொடங்கிய தேதி' என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டிருந்தார்.

எதையும் எழுத்தில் வைப்பவர் அவர். கண்ணாடி அனுப்புகிற கம்பெனிக்கும் எண் போட்டுத்தான் எழுதுவார், வாடகைக்கு இருப்பவருக்கும் எண் போட்டுத்தான் எழுதுவார். எழுதியதை ஒட்டும் முன்பு யாராவது ஒருவர் படித்துப் பிழை பார்க்க வேண்டும். முன்பு பெரியவள் பார்ப்பாள். இப்போது சின்னவன்.

முதல் தாளில் பழக்கத்தில் 'ஐயா' என்று ஆரம்பித்துக் கிழித்தார். இரண்டாவது தாளில் 'அன்புள்ள' என்று எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, அதையும் கிழித்தார். மூன்றாவது தாளில் பேனா நிற்காமல் ஓடியது. முடித்ததும் தாளைச் சின்னவன் பக்கம் தள்ளினார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அத்தையின் நாற்காலியை யாரும் தூக்கி உள்ளே போடவில்லை, அவள் நடையிலிருந்தே கழுத்தை மட்டும் நீட்டினாள்.

சின்னவன் சத்தமாகப் படித்தான்.

"பெரியவளுக்கு,

ஒன்று. உன் கடிதம் கிடைத்தது. பெட்டி பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். தெரிந்துகொண்டேன். பதில் தாமதம்.

இரண்டு. இங்கே தாய்ப் பெட்டி போய்விட்டது. காரணம், தீனி அதிகம். போட்டது ஒருவர் அல்ல, மூவர். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.

மூன்று. நம்மிடம் வேறு விதை இல்லை. உன்னிடம் இருப்பது உயிரோடு இருந்தால் ஒரு தேக்கரண்டி வேண்டும். டிஸ்கஸ் பெண்மீன் சாப்பிடவில்லை.

நான்கு. தபாலில் அனுப்ப வேண்டாம். பார்சலில் தாங்காது. கையில்தான் கொண்டு வர வேண்டும்.

அப்பா."

சின்னவன் நிமிர்ந்தான். "அப்பா, நாலாவதுல ஒரு தப்பு இருக்கு. பார்சல்ல தாங்குமே. அன்னிக்கு ஒன்பது நாள்..."

மேசைக்கு அடியில் அம்மாவின் கால் அவன் காலை மிதித்தது. அவள் எப்போது அடுப்படி வாசலிலிருந்து அங்கே வந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.

"அதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள். "சரியா இருக்கு. ஒட்டச் சொல்லு."

தொட்டிக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வெயில் காலம்" என்றார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல.

"ஆமாமா" என்றாள் அத்தை நடையிலிருந்து. "கொளுத்துது."

உறையை எடுத்து விலாசம் எழுத ஆரம்பித்தார். பெரியவளிடமிருந்து இரண்டு வருடத்தில் வந்தது ஒரே கடிதம்தான். அதை அவர் பட்டறையில், கண்ணாடி வெட்டும் கருவிகள் இருக்கிற இழுப்பறையின் அடியில் வைத்திருந்தார். அது தனக்கு மட்டுமே தெரிந்த இடம் என்பது அவர் எண்ணம். எடுத்துவரப் போகவில்லை. மனப்பாடம்.

கதவு எண் எழுதினார். தெருப் பெயரில் பேனா ஒரு கணம் தயங்கியது. மூன்றாவது குறுக்குத் தெருவா, நான்காவதா?

"மூணாவது" என்றாள் அம்மா.

அவர் எழுதினார். ஊர் பெயரும் எழுதினார். அஞ்சல் எண்ணில் நான்கு இலக்கம் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கடைசி ரெண்டும் பூஜ்யம் ஏழு" என்றான் சின்னவன்.

இரண்டு மூலையில் புதைத்த ரொட்டி இங்கேயும் வெளியே வந்துவிட்டது. தொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். கடிதத்தின் மடிப்பு ஏன் துணி மாதிரி நைந்துபோயிருந்தது என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. தான் ஒருவன் படித்து அவ்வளவு நைந்திருக்காது.

பூஜ்யம், ஏழு என்று எழுதினார்.

மூவருக்கும் தெரிந்த அந்த விலாசத்தில் அவள் இன்னும் இருக்கிறாளா என்பது மட்டும் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

உறையின் மடலில் பசை தடவினார். தொட்டியின் மூலையில் சிலிக்கான் பசை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரே இழுப்பாக அழுத்தி ஓட்டுவாரே, சொட்டு நீர் கசியாதபடி, அதே போல இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தினார். பிறகு இன்னொரு தடவை.

"சாதாரணத் தபால் போதும்" என்றார் சின்னவனிடம் கொடுக்கும்போது. "ரிஜிஸ்டர் பண்ணாதே. கையெழுத்து வாங்கிக் கொடுத்தா ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துடுவா."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் அம்மா வந்து குனிந்தாள். காலடியில் கிடந்த ஏதோ ஒன்றை எடுப்பது போல.

"ரிஜிஸ்டர் பண்ணுடா" என்றாள் காதோடு. "ஒப்புகை அட்டையும் சேர்த்து."

*

தபால் நிலையத்தில் நாலரைக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். சின்னவன் போனபோது நாலு இருபது. முன்னால் இரண்டு பேர். வரிசையில் நின்றபடி யோசித்தான். அப்பா சொன்னது ஒன்று, அம்மா சொன்னது ஒன்று. அவனிடம் யாரும் அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்கவில்லை. அக்கா போன அன்று பேருந்து நிலையத்துக்கு அவள் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். மாத்திரை டப்பாவை மட்டும் அவள் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். வண்டி கிளம்பும்போது, "பெண்மீனுக்குக் கண்ணாடியைச் சாய்ச்சுப் பிடி, அப்பதான் வரும்" என்றாள். அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது.

"சாதாரணமா, ரிஜிஸ்டரா?" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க்.

"ரிஜிஸ்டர்" என்றான். "ஒப்புகை அட்டையோட."

"வீடு மாறிப் போயிருந்தா திரும்பி வந்துடும். பரவாயில்லையா?"

சின்னவன் உறையிலிருந்த விலாசத்தை இன்னொரு முறை படித்தான். "பரவாயில்லை" என்றான்.

கடிதம் சேர்ந்ததும் கையெழுத்தோடு திரும்பி வருகிற அந்த அட்டையை அவர் எடுத்து நீட்டினார். அனுப்புகிறவர் விலாசத்தில் கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தான். அதன் கீழே, பெற்றுக்கொள்பவர் கையெழுத்துப் போட ஒரு கோடு. எதுவும் எழுதாத, ஒரு விரல் நீளக் கோடு. புழு இல்லாத பெட்டியும் தேதி எழுதாத சீட்டும் அவன் நினைவுக்கு வந்தன.

கிளார்க் அட்டையை உறையின் முதுகில் ஒட்டினார். முத்திரையை மையில் ஒற்றி, உறையில் ஒருமுறை, அட்டையில் ஒருமுறை ஓங்கிக் குத்தினார். திரும்பிப் பார்க்காமலேயே தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டார். வாய் திறந்து கிடந்த சாக்குப் பையில், மற்ற கடிதங்களின் மேல், கடிதம் போய் விழுந்தது. உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து பையின் வாயைச் சேர்த்துப் பிடித்துக் கட்டி, இழுத்துக்கொண்டு போனான்.

ஜன்னல் மூடிக்கொண்டது.